மாமியிடம் விடைபெற்ற மாதங்கள்

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு. மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமி அடுப்படியிலிருந்து சொன்னார்.

"ஒரு போலீஸ்காரத் தம்பி வந்துச்சு. உன்னையப் பத்திக் கேட்டுச்சு. நல்ல புள்ளன்னு சொன்னேன். டீ குடிச்சிட்டுப் போயிருச்சு."

அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நார் உரிப்பதும் நறுக்குவதும் வழக்கமான வேகத்தில்தான் நடந்தன. நான் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"எதுக்கு வந்தாருன்னு நீங்க கேக்கலையா மாமி?"

"அந்தத் தம்பி சொல்லுச்சு. வெளிநாடு போறதுக்குன்னு. எங்கன்னு நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். தேர்வாகிவிட்டேன் என்று செய்தி வந்து பல வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சோறு போடும் நேரத்தில் வாய் வராது.

மாமி என் கணவரின் தாய். கணவர் இறந்து அப்போது மூன்று வருடம் முடிந்திருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கொடைக்கானல் பஜாரில் அவர் கம்பளியும் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்ற கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மார்க்கெட்டுக்குக் கீழே படிக்கட்டுச் சந்தில், இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் நான் பழனியில் உள்ள என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் போகவில்லை. போ என்று மாமி சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பாத்திரம் கட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான். மறுநாளும் கட்டி வைத்திருந்தது.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. அங்கே மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இரண்டு வருடம்.

"நம்மாளுக இருக்காங்களா அங்க?"

"இருக்காங்களாம். பள்ளிவாசலெல்லாம் இருக்குன்னு சொன்னாங்க."

"சம்பளம்?"

"சம்பளத்துக்கு இல்ல மாமி. தங்க எடமும் சாப்பாட்டுச் செலவும் குடுப்பாங்க. மத்தபடி சும்மாதான்."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "சும்மா சொல்லிக்குடுக்குறதுக்கு இங்க புள்ளைக இல்லையாக்கும்?"

இந்தக் கேள்வியைப் பிறகு பலரும் கேட்டார்கள். தலைமையாசிரியை கேட்டார், என் தம்பி கேட்டான், ஊசி போட்ட நர்ஸ்கூடக் கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னேன். மாமியிடம் மட்டும் பதில் சொல்லவில்லை. உண்மையான காரணம் வாயால் சொல்லும்படி இல்லை. கணவர் போனதிலிருந்து ஊரில் எல்லாரும் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். கறிக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், சக ஆசிரியைகள், வகுப்பில் பிள்ளைகள்கூட. நான் வந்தால் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பு அடங்கிவிடும். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் மூன்று வருடமாக நான் ஒரு துக்க வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அந்த மலாவிப் பள்ளிக்கு ஆள் வேண்டும் என்று சக ஆசிரியை ஒருத்தி எதற்கோ அனுப்பிய அறிவிப்பைப் போனில் பார்த்தபோது, என்னை யாரும் அறியாத ஒரு வகுப்பறையில் கரும்பலகை முன் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பில் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. விண்ணப்பித்துவிட்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடியிலிருந்து கொழுந்தன் வந்தார். கணவரின் தம்பி. கொய்யா மொத்த வியாபாரம். ஒரு பெட்டி கொய்யாவைத் தூக்கி உள்ளே வைத்தவர் நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லக்கூடாது. அம்மாவ யாரு பாத்துக்கிறது?"

மாமி குறுக்கே வந்தார். "என்னைய எதுக்குடா பாக்கணும்? நான் என்ன ஓடியா போறேன்?"

"அதுக்கில்லம்மா. ஒத்தையில கெடக்க முடியுமா? எங்கூட வந்துருங்க."

"அந்த வெக்கையில நான் இருக்க மாட்டேன்."

"மாடியில ஏசி போட்டுத் தாரேன்."

"ஏசியும் வேணாம், ஊசியும் வேணாம்."

கொழுந்தன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. அண்ணன் இருந்த இடத்தில் தான் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற தவிப்புதான் இருந்தது. பழனியிலிருந்து அம்மா தினமும் போன் செய்து அழுதார். மறுமணத்துக்கு ஓரிடம் பார்த்து வைத்திருப்பதாகவும், நாற்பத்து நான்கு வயதில் கடல் தாண்டிப் போகிற பெண்ணை யார் கேட்பார்கள் என்றும் சொன்னார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே விடைத்தாள் திருத்தினேன்.

ஏப்ரலில் மாமி தானாகவே ஆயக்குடிக்குப் போனார். "ஒரு மாசம் இருந்து பாக்குறேன். ஒத்து வந்தா இருந்துக்கிறேன், நீ நிம்மதியாப் போ." பையில் இரண்டு சேலை, தொழுகை விரிப்பு, மாத்திரை டப்பா. பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வீட்டில் தனியாக இருந்தேன். சமைக்கத் தோன்றவில்லை. பிரெட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

இரண்டாவது வாரம் பள்ளியிலிருந்து வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. மாமி அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. அவன் பொண்டாட்டி தங்கமான புள்ள. ஆனா அங்க எல்லாரும் என்னைய உக்காருங்க உக்காருங்கன்னே சொல்றாங்க. எந்தச் சோலியும் பாக்க விட மாட்டேங்குறாங்க. எந்நேரமும் உக்காந்தே கெடந்தா நான் சீக்கிரம் போய்ச் சேந்துருவேன்."

அன்று மாலை என்னைத் தேர்ந்தெடுத்திருந்த தொண்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை, மன்னிக்கவும். எழுதிவிட்டு மாமியிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன் போலும். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அனுப்பிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அனுப்பாத. என்னையக் காரணம் காட்டி நீ இங்க நிக்காத. நாளைக்கு உனக்கு மனசு கசந்துச்சுன்னா ஒவ்வொரு வாய் சோத்துலயும் அது எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தி சோத்தை நான் திங்க மாட்டேன்."

இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே அரிது. எழுதியதை அழித்தேன். ஆனால் அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார் என்பதற்கு இருவரிடமும் விடை இல்லை. மே மாதக் கூட்டம் மலை ஏறியது. கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஏரி வரை நின்றன. நாங்கள் அதைப் பற்றிப் பேசாமலேயே அந்த மாதத்தைக் கழித்தோம்.

*

என் இடத்துக்குப் பள்ளி ஒரு பெண்ணை எடுத்தது. கிளாவரைக்காரி. அப்பா பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. திண்டுக்கல்லில் பி.எட். முடித்திருந்தாள். பாடத்திட்டம் கேட்டுப்போக வீட்டுக்கு வந்தவள், கேரளா எல்லைக்குப் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் சோர்ந்து போயிருந்தாள். மாமி அவளுக்கு டீ கொடுத்தார். நாங்கள் வடிவியலைப் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் கேட்டார்.

"எங்கம்மா தங்குவ?"

"தெரியலம்மா. ரூம் தேடிக்கிட்டிருக்கேன். சீசன்ல யாரும் குடுக்க மாட்டேங்குறாங்க."

"தெனம் போய்ட்டு வர முடியாதா?"

"வெள்ளனே கிளம்புனாலும் மொத பீரியடுக்கு வர முடியாதும்மா."

மாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இங்க தங்கிக்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"நான் கறி சாப்பிட மாட்டேம்மா" என்றாள் அவள் உள்ளே பார்த்து, பயந்த குரலில். "முட்டை சாப்பிடுவேன்."

"நல்லதாப் போச்சு. எனக்கும் பல்லு இல்ல" என்று பதில் வந்தது.

அப்படி முடிந்தது. மாதக்கணக்காகக் கனத்துக்கொண்டிருந்த ஒன்று ஒரு டம்ளர் டீக்குள் தீர்ந்துவிட்டது. எனக்கு அன்று பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அது என்னவென்று ஜூன் மாதம் அவள் பெட்டியோடு வந்து இறங்கியபோது தெரிந்தது.

அவள் வருவதற்கு முதல் நாள் மாமி சொன்னார். "பீரோவக் காலி பண்ணணும். அந்தப் புள்ள துணி வைக்க எடம் வேணும்ல."

பீரோவின் ஒரு பக்கம் முழுக்க என் கணவரின் துணிகள். மூன்று வருடமாக அந்தக் கதவை நாங்கள் இருவருமே திறக்கவில்லை. திறந்தபோது அந்துருண்டை வாசனைதான் வந்தது. அவருடைய வாசனை எதுவும் மிச்சம் இல்லை. கடைக்காரர் என்பதால் ஸ்வெட்டர்கள் நிறைய. மாமி ஒவ்வொன்றாக எடுத்து உதற, நான் மடித்தேன். சட்டைப் பைகளையும் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அவர் எப்போதுமே பைகளைக் காலி செய்துவிட்டுத்தான் துணியைத் துவைக்கப் போடுவார்.

"எதாச்சும் ஒண்ணு வச்சுக்கிறியா?" என்று கேட்டார் மாமி.

"வேணாம் மாமி. நீங்க?"

"எனக்கெதுக்கு?"

வில்பட்டியிலிருந்து மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்க வருகிறவர்களுக்கு அவற்றைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு சில வாரங்கள் பஜாரில் நடக்கும்போதெல்லாம் எனக்குத் திடுக்கென்றது. மூட்டைக்கு அடியில் குனிந்து போகும் முதுகில் அந்தக் கருநீல ஸ்வெட்டர் இருக்கும். ஒருநாள் மாமியும் உடன் இருந்தார். அவரும் பார்த்தார். இருவரும் நடையை நிறுத்தவில்லை.

கிளாவரைப் பெண் நல்லவள். வந்த இரண்டாம் நாளே மாமியின் தொழுகை நேரங்களைத் தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் டிவியை அணைத்தாள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் எனக்கு முன்பே எழுந்து குடங்களை நிரப்பினாள். பிரமாதமாகப் பேசுவாள். ஊரில் காட்டுமாடு பூண்டுக் காட்டுக்குள் புகுந்த கதையை அவள் சொல்ல, மாமி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளறையில் பெட்டிக்குள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டேன். மாமி சிரிக்கும் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைக்கவில்லை. என்னோடு இருந்த மூன்று வருடத்தில் அவர் ஏன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"ஏ புள்ள" என்று அவளைக் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார், கல்யாணம் ஆகி வந்த புதிதில். அவர் கூப்பிடும்போது இரண்டு பேரும் திரும்புவோம். பிறகு நான் திரும்புவதை நிறுத்திக்கொண்டேன்.

கிளம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். என் இடம் நிரம்பினால்தான் கிளம்ப முடியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் கட்டிலின் எதிர்ப்பக்கம் போட்ட புதுக் கட்டிலில் அவள் புரண்டு படுக்கும்போது, நான் இறந்துபோய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அவளிடம் கடுகடுத்தும் விட்டேன் ஒருநாள், உப்பு ஜாடியை இடம் மாற்றி வைத்ததற்காக. அவள் உடனே பழைய இடத்தில் வைத்துவிட்டு, "சாரி மேடம்" என்றாள். மாமி என்னைப் பார்த்த பார்வையில் கண்டிப்பு இல்லை. புரிகிறது என்பதுபோல இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குத் தூத்துக்குடி வரை போய்வந்தேன். கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மாமி ரசம் வைத்துக் கொடுத்தார். விசா வந்தது. டிக்கெட் வந்தது. மதுரையிலிருந்து மும்பை, அங்கிருந்து ஆப்பிரிக்கா.

*

ஆகஸ்டில் கிளம்புவதற்கு முந்தைய வாரம், கபர்ஸ்தான் வாசல் வரைக்குமாவது போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்று மாமியிடம் சொன்னேன். எங்கள் ஊரில் பெண்கள் அடக்கஸ்தலத்துக்குள் போவதில்லை. கணவரை எடுத்துக்கொண்டு போனபோது நான் பார்த்தது வீட்டு வாசல் வரைதான். எந்த இடத்தில் வைத்தார்கள் என்று கொழுந்தன் வாயால் சொல்லித்தான் தெரியும்.

"வாசல்ல நின்னா ஒண்ணும் தெரியாது" என்றார் மாமி. "மேல் ரோட்டுல நின்னாத் தெரியும். வா."

செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மூடுபனி இறங்கி ரோடே தெரியவில்லை. எழுபதை நெருங்கிய கால்கள். ஆனால் எங்கே ஏற வேண்டும், எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கமாக இருந்தது. நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

"மாமி, நீங்க வந்திருக்கீங்களா?"

"வாராவாரம்."

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு அவர் நேரம் கழித்துத்தான் வருவார். பேரம் பேசிக்கொண்டு நிற்பார், பழைய ஆட்களைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன்.

ரோட்டின் திருப்பத்தில் தடுப்புச் சுவரருகே நின்றார். கீழே சரிவில் தைல மரங்களுக்கு நடுவே கபர்கள். பனி விலகும்வரை காத்திருந்தோம். விலகியபோது, வேலியைத் தாண்டி வந்துவிட்ட ஒரு காட்டுமாடு கற்களுக்கிடையே மேய்ந்துகொண்டிருந்தது.

"அதுவும் வரும்" என்றார் மாமி. "அந்தச் சாஞ்ச மரம் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம், புல்லு ஒசரமா இருக்குல்ல. அதான்."

நான் பார்த்தேன். கைகளை ஏந்தினேன். ஓத வேண்டியதை ஓதினேனா என்று இப்போது நினைவில்லை. மாமியும் ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு சரிவைப் பார்த்தபடியே பேசினார்.

"நீ வரும்போது நான் இருப்பேனோ இல்லையோ. தூரப் பயணம் போறவங்க எல்லார்ட்டயும் பொறுத்துக்கங்கன்னு கேட்டுட்டுப் போவாங்க. நான் போகல, நீதான் போற. ஆனா கேக்க வேண்டியவ நான்தான். அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒண்ணு சொன்னேன். அதைப் பொறுத்துக்க."

அதை அவர் மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். என் கணவருக்குக் காலையில் நெஞ்சு அடைப்பதுபோல இருந்தது. வாயுவாக இருக்கும் என்று அவரே சொன்னார். இஞ்சி தட்டிப் போட்டு டீ குடித்தார். எனக்கு அன்று தேர்வு மேற்பார்வை. நீ போ, நேரமாகுது என்று அவர்தான் அனுப்பினார். மதியம் கடையிலேயே சரிந்துவிட்டார். மாமிதான் ஆம்புலன்ஸில் உடன் போனார். நான் பின்னால் டாக்ஸியில் போனேன். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ பள்ளிக்கூடம் போகாம வீட்டுல இருந்திருந்தா எம்புள்ள எனக்கு இருந்திருப்பான்."

அதன் பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் கட்டிக் கொடுத்த சோற்றை நான் தின்றேன். அந்த வாக்கியத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அது பொய் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்றும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ரோட்டில் நின்றபோது, பொறுத்துக்கொண்டேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் தடுப்புச் சுவரில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். மாமி காத்திருந்தார். பிறகு "பனி ஏறுது, வா போவோம்" என்று திரும்பினார். இறக்கத்தில் அவர் தடுமாறக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரை விடவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் கிளாவரைப் பெண் பள்ளிக்குப் போயிருந்தாள். மாமி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். இரண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"மாமி, அன்னைக்குக் கேட்டீங்கள்ல. பொறுத்துக்கிட்டேன். நீங்களும் என்னையப் பொறுத்துக்கங்க."

"உம்மேல எனக்கு என்ன இருக்கு?" என்றார். முறத்தைத் தட்டி அரிசியை ஒதுக்கினார். நான் எழப் போனபோது, "இருந்துச்சு" என்றார். "நெறைய இருந்துச்சு. இப்ப இல்ல."

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவர் அழவில்லை. என் முழங்கால் மேல் கையை வைத்தபடி மற்றக் கையால் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

*

காலையில் கொழுந்தன் காரோடு வந்துவிட்டார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றதற்கு, "அண்ணன் இருந்தா பஸ்ஸுல அனுப்புமா மதினி?" என்று கேட்டுப் பெட்டியைத் தூக்கினார். கிளாவரைப் பெண் படிக்கட்டின் உச்சி வரை என் பையைச் சுமந்து வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன். உப்பு ஜாடிக்காக என்று சொல்ல நினைத்தேன்; சொல்லவில்லை. மாமி வாசலைத் தாண்டி வரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெரசாப் போங்கடா, மழை வரும்" என்று மகனிடம்தான் சொன்னார்.

கணவர் போனதிலிருந்து நான் வத்தலக்குண்டு பாதையில் இறங்கியதே இல்லை. எங்கே போனாலும் பழனி பாதைதான், எவ்வளவு சுற்றாக இருந்தாலும். விமானத்துக்கு நேரமாகிவிடும் என்பதால் அன்று அப்படிச் சுற்ற முடியவில்லை. மலை இறங்கி வத்தலக்குண்டுக்குள் நுழையும்போது கொழுந்தன் வேகத்தைக் குறைத்தார்.

"ஆஸ்பத்திரி முன்னாடிதான் போகணும் மதினி. வேற தெரு வழியாப் போகவா?"

"வேணாம். இப்படியே போங்க."

வராந்தாவில் யாரோ ஒரு குடும்பம் பாயை விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் தட்டில் இட்லி பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் பார்த்தேன். கார் கடந்துவிட்டது. கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் கண்ணில் அடிப்பதாகச் சொன்னார். வானம் மேகம் மூடிக் கிடந்தது.

இங்கே வந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. சிவப்பு மண். பள்ளியைச் சுற்றிச் சோளக்காடு. பெண் பிள்ளைகள் என் ஆங்கிலத்தைக் கேட்டு முதல் வாரம் முழுக்கச் சிரித்தார்கள், சத்தமாக, மூடி மறைக்காமல். எனக்கு அது பிடித்திருந்தது. பின்னம் என்றால் பயப்படுகிறார்கள். எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாவரைப் பெண் தன் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு மாமியிடம் கொடுப்பாள். மாமி அதை வாங்கியதும் காதோடு அழுத்திக்கொள்வார். எனக்குத் தெரிவது ஒரு காதும் கொஞ்சம் நரைத்த முடியும்தான். எத்தனை சொல்லியும் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு, வகுப்பில் பிள்ளைகள் யார் யார் என்று கேட்பார். நான் பெயர்களைச் சொல்ல, ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார், தவறாக. பின்னால் கிளாவரைப் பெண் திருத்துவாள்.

போன மாதம் முன் வரிசைப் பிள்ளை ஒருத்திக்கு மலேரியா வந்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை மாமியிடம் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சலாம் சொன்ன கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அந்தப் புள்ள வந்துருச்சா?"

"இன்னும் வரல மாமி."

"ஆள் விட்டுப் பாத்தியா?"

"இல்ல மாமி. அவ வீடு ரொம்பத் தூரம்."

"தூரமா இருந்தா என்ன? போய்ப் பாரு."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் இன்னொரு ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு நடந்து போனேன். மெலிந்துபோய், போர்வைக்குள் சுருண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். அவள் அம்மா எனக்கு ஒரு முக்காலி எடுத்துப் போட்டார்.